வெள்ளிக்கிழமை கான்கிரீட்டுக்கு முன்

கண்ணு,

புது வீட்டுக்கு என்னென்ன கூடுதலாகச் செய்கிறாய் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் படித்தேன். எது தேவை, எது தண்டம் என்று பார்த்து அடித்துத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். முப்பத்திரண்டு வயதாகிறது உனக்கு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எவனோ ஒரு வெள்ளைக்காரனின் டீ-ஷர்ட்டுக்கு எந்த நூல், எந்தப் பட்டன் என்று தினமும் தீர்ப்புச் சொல்கிறவன், சொந்த வாசற்கதவுக்கு என்னைக் கேட்கிறாய். கேட்ட பாவத்துக்கு முழுதாக வாங்கிக்கொள். இது நீளமான கடிதம், இனிப்பானதும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் நடுவிலேயே "சரிங்கப்பா" என்று முடித்துவிடுகிறாய். அந்தச் "சரிங்கப்பா"வைத் தாண்டி எனக்கு வாய் வருவதில்லை. வெள்ளிக்கிழமை உன் வீட்டு மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடப்போகிறாய். அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும்.

பட்டியலுக்கு வருகிறேன். சென்சார் லைட் என்று போட்டிருக்கிறாய். கையை ஆட்டினால் எரியும், ஆட்டாவிட்டால் அணையும். ஒரு மாதம் சந்தோஷமாக ஆட்டுவாய், அப்புறம் கக்கூஸில் உட்கார்ந்து ஆட்டும்போது எரிச்சல் வரும். அடித்துவிடு. சமையல் மேடை, அலமாரி எல்லாம் உன் மனைவி நிற்கும் இடம். அதில் நீயும் நானும் பேசுவதற்கு ஒன்றுமில்லை, அவள் சொன்னபடி செய். வாசலுக்குச் செதுக்கு வேலையோடு தேக்குக் கதவு, ஹாலுக்குக் கூரையை மறைக்கிற பால்ஸ் சீலிங். இந்த இரண்டைப் பற்றியும் இந்த வீரபாண்டியில் என்னைவிட அதிகமாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. அவற்றைப் பிறகு சொல்கிறேன். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தது வேறு இரண்டு வரிகளைப் படித்தபோதுதான். "மாடி வேண்டாம், ஒரே தளம்" என்பது ஒன்று. "மேல்தளக் கம்பி, இன்ஜினியர் சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு" என்பது இன்னொன்று. அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும் ரெடிமிக்ஸ் லாரியை வரவழைத்த நீ, தளத்துக்கு மட்டும் அதை நிறுத்திவிட்டு, அந்தக் காசைக் கம்பியில் போட்டிருக்கிறாய். கலவையை மனையிலேயே கலக்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். கூட அனுப்பிய போட்டோவில் மிக்சர் மிஷின் நிற்கிறது. அதற்குள் போகும் பச்சை ஹோஸ் உன் போர்வெல்லிலிருந்து வருகிறது.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். "போர் தண்ணி வேண்டாம், லாரித் தண்ணி அடிச்சுக்க" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "கம்பி டபுளா போடறேனுங்கப்பா, ஒண்ணும் ஆகாதுங்க. அதுவுமில்லாம இங்க மேல ஏறிக் குதிக்கறதுக்கு ஆளே இருக்காதுங்க." சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். பதினெட்டு வருஷமாக அந்தக் குதியை நீ இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறாய் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. அதை வைத்து ஒரு வீட்டுக்கே பிளான் போடுவாய் என்றுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நம் வீட்டைக் கட்டும்போது உனக்கு நான்கு வயது. நான் பக்கத்துச் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். மாஸ்டர் என்றால் அப்போது ஊரில் ஒரு மரியாதை இருந்தது, எனக்கு அதற்கும் மேலே ஒரு தலைக்கனம் இருந்தது. துணிக்குச் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீர் தொட்டியில் நிற்கும். மழை பெய்தால் ஓடைப் பக்கத்து வால்வைத் திறந்துவிடுவோம். மழைத் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும், யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பட்டறையில் அந்த வால்வின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அது மண்ணுக்குள் இறங்கி சுற்றிலும் உள்ள போர்வெல் எல்லாம் உப்பாகிப்போனது. எங்கள் பட்டறைக்கே அந்தத் தண்ணீர் ஆகவில்லை. அதில் துணியை நனைத்தால் கேட்ட கலர் வராது, திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் தூரத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வாங்கினோம். தினமும் காலையில் லாரி வந்ததும் உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது என் வேலை. முள் கொஞ்சம் ஏறினாலும் லாரியைத் திருப்பி அனுப்புவேன். எவனோ போட்டுக் கிழிக்கப்போகிற பனியனுக்கு அவ்வளவு பார்த்தேன். நம் வீட்டுக்குப் போர் தண்ணீரை விட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காகச் சமாதானம் தேடாதே. தளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் நம் மேஸ்திரி அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "ஏனுங்க மாஸ்டர், வாயில வெக்க முடியலீங்க. இதுல காங்கிரீட் போட்டா உள்ள இருக்கற கம்பிய உப்புத் தின்னுபோடுமுங்க. தளத்துக்கும், அது காயற வரைக்கும் மேல நிறுத்தறதுக்கும் மட்டுமாச்சும் லாரித் தண்ணி அடிச்சுக்கலாமுங்க" என்றார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்து, "நாலு தெருவும் இந்தத் தண்ணீலதான் கட்டியிருக்குது. உனக்கு மட்டும் வாய் நீளுது" என்றேன். உன் அம்மா அப்போது செங்கல் குவியல் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் எதுவும் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டாள். "ஏனுங்க, கதவு சாதாக் கதவா இருந்தாலும் போதுமுங்க. அந்த மேஸ்திரி சொல்றதக் கேட்டுப்போடுங்க." தளத்துக்கு நல்ல தண்ணீரா, வாசலுக்கு யானையும் தாமரையும் செதுக்கிய தேக்குக் கதவா என்பதுதான் அன்றைய கேள்வி. இரண்டுக்கும் என் கையில் காசு இல்லை. "பனியனுக்குப் பிசிறு வெட்டறவளுக்கு ஊடு கட்டறதப் பத்தி என்ன தெரியும்?" என்று கூலியாட்கள் முன்னால் கேட்டேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சனம் முழுக்க கதவைத் தடவிப் பார்த்தது. தண்ணீரை யாரும் தடவிப் பார்க்கவில்லை.

பத்து வருஷம் நின்றது. நடுவில் ஹால் கூரையில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது, வெள்ளையடித்தேன். மறுபடி வந்தது, மறுபடி அடித்தேன். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை, கிரவுண்டுக்குப் போக முடியவில்லை என்று நீ மாடி அறையில் கயிறு குதித்துக்கொண்டிருந்தாய். வாலிபால் டீமில் சேர வேண்டுமானால் தினமும் இருநூறு குதிக்க வேண்டும் என்று உன் விளையாட்டு வாத்தியார் சொல்லியிருந்தார். கீழே ஹாலில் உன் அம்மா பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டு, உன் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். "நூத்தி நாப்பது ஆச்சு கண்ணு" என்று மேலே பார்த்துக் கத்தினாள். சோபாவில் இருந்த எனக்கு அது இன்னும் கேட்கிறது. அப்போதுதான் விழுந்தது. ஒரு பாயின் அகலத்துக்கு, சிமெண்டும் ஜல்லியுமாகப் பெயர்ந்து அவள் தலையிலும் முதுகிலும் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்லக்கூடாது, செதில் செதிலாக உரிந்து விரல் பருமனில் பாதிகூட இல்லாமல் சிவப்பாக எதுவோ தொங்கியது. அதைப் பார்த்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீ கையில் கயிற்றோடு படியிறங்கி ஓடிவந்தாய். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் உன்னைக் காட்டி, "நீ குதிச்சுக் குதிச்சுத்தான்டா உழுந்துது" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, வாய்தவறி வந்ததா என்று நீ கேட்கலாம். வாய்தவறியிருந்தால் மறுநாள் திருத்தியிருப்பேன். அந்தக் கூட்டத்தில் உன்னைவிட வாயில்லாதவன் யாரும் இல்லை, அதனால் உன்னைக் காட்டினேன். உனக்கு வயது பதினான்கு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் குதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சர்க்கரை தடவ மாட்டேன். நீ குதிக்காவிட்டால் அது அன்றைக்கு விழாமல் இருந்திருக்கலாம். அடுத்த வாரம் விழுந்திருக்கும், ஒருவேளை நீ அடியில் படுத்திருக்கும்போது. ஒரு பையன் கயிறு குதித்தால் விழுகிற கூரையை அவன் அப்பன்தான் கட்டினான். குற்றம் அவ்வளவுதான், அதில் உனக்குப் பங்கு கிடையாது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தாள். அவள் கடைசிவரை பேசவே இல்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பொய். நான்காம் நாளே பேசினாள். கண் திறந்ததும் என்னிடம் கேட்டது, "தண்ணிதானுங்க?" என்று. "பேசாமப் படு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணு எங்கீங்க? பயந்துட்டு இருப்பான், வரச் சொல்லுங்க" என்றாள். நீ கதவுக்கு வெளியேதான், பெஞ்சில், பள்ளிக்கூடச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். உன்னை உள்ளே விட்டால் முதல் வார்த்தையாக அவள் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பயம். நான் வெளியே வந்து, "உள்ள வராத. உன்ற மூஞ்சியப் பாத்தா அவளுக்கு ஆகாது" என்றேன். நீ "சரிங்கப்பா" என்றாய். உன் வாயில் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது அங்கேதான். திரும்ப உள்ளே போய் அவளிடம், "வரமாட்டேங்கறான்" என்றேன். அதற்குப் பிறகும் ஏழு நாள் உயிரோடு இருந்தாள், ஏழு நாளும் கேட்டாள். ஏழு நாளும் நீ அந்தப் பெஞ்சில் இருந்தாய். நடுவில் ஒரு கதவு, அதற்கு நான் காவல்.

சாவுக்கு வந்த உன் தாய்மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்புடி மச்சான் இது ஆச்சு?" என்று கேட்டார். அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் உன்னைக் காட்டினேன். உன் கல்யாணத்தில் அவர் தாய்மாமன் சீரைக் குறை வைக்காமல் கொண்டுவந்தார், தட்டை உன் கையில் கொடுத்தார், கொடுக்கும்போது உன் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். உன் மனைவி அதைக் கவனித்துவிட்டு என்னிடம் காரணம் கேட்டாள். "அவரு சுபாவமே அப்புடித்தான்" என்றேன்.

இப்போது பால்ஸ் சீலிங்குக்கு வருகிறேன். அம்மா போனபின் உன்னைக் குன்னத்தூரில், அவளைப் பெற்ற அப்புச்சி வீட்டில் விட்டிருந்தேன் அல்லவா. அந்த இடைவெளியில் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு கம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். ஹால், சமையலறை, வாசல் போர்டிகோ என்று எல்லா இடமும் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கொடுத்தது. போர்டிகோவுக்கு மேலே எந்தப் பையன் போய்க் குதித்தான்? "உப்புத் தண்ணீல கட்டியிருக்கறீங்க, ஊடு பூராவும் இப்புடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாடியைப் பூட்டினேன். அடியில் இரும்பு உத்தரம் கொடுத்தேன், அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க பூ வேலையோடு பால்ஸ் சீலிங் போட்டேன். நீ திரும்பி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்கப்பா" என்றாய். "உன்னாலதான் இந்தத் தண்டம்" என்றேன். நல்ல கூரைக்குப் பால்ஸ் சீலிங் போட்டால், நாளைக்கு ஒரு பழுப்புக் கோடு வந்தாலும் உனக்குத் தெரியாது. அடித்துவிடு. தேக்குக் கதவையும் அடித்துவிடு, அதற்கான காரணத்தைச் சொல்லியாகிவிட்டது.

இத்தனை நாள் சொல்லாதவன் இப்போது ஏன் சொல்கிறேன்? மனம் திருந்திவிட்டேன் என்று நினைத்து ஏமாறாதே. போன மாதம் உன் வாடகை வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் இருப்பது முதல் மாடி. பாப்பா எங்கிருந்தோ ஒரு கயிற்றைக் கொண்டுவந்து ஹாலில் குதித்தாள். ஆறு வயதுக் குழந்தை, ஒன்பது குதித்திருப்பாள். நீ சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து கயிற்றைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டு, அவள் தோளைப் பிடித்து உலுக்கினாய். "கீழ ஆளு இருக்கறாங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கேட்டபோது உன் உதடு வெள்ளையாக இருந்தது. பாப்பாவுக்கு என்னவென்றே தெரியவில்லை. எனக்குத் தெரியும். கையில் டீ இருந்தது, குடித்து முடித்தேன். "புள்ளைய அடக்கி வளத்து" என்று உனக்குப் புத்தியும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்குக்கூட வாய் திறக்கவில்லை. போட்டோவில் அந்தப் பச்சை ஹோஸைப் பார்த்த பிறகுதான், நான் சொன்ன பொய் இன்னொரு கூரையாக உன் பிள்ளை தலைக்கு மேலே ஏறப்போகிறது என்று உறைத்தது. கூரை விழுந்தது கனத்தால் என்று நம்பினாய், அதனால் கம்பியைக் கூட்டினாய், மாடியை விட்டாய். உண்மை தெரிந்திருந்தால் முதலில் தண்ணீரைத்தான் பார்த்திருப்பாய். இரண்டு மடங்கு கம்பி போட்டால் உப்புக்கு இரண்டு மடங்கு தீனி, அவ்வளவுதான்.

அதனால் கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமை காலையில் உன் மனைக்கு நல்ல தண்ணீர் லாரி வந்து நிற்கும், நான் சொல்லிவிட்டேன். தளம் போட்டபின் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் நாட்களுக்கும் அதே லாரிதான் வரும். கிணற்றுக்கே போய் மீட்டரை நானே முக்கிப் பார்த்துவிட்டேன். அந்த வேலையை மட்டும் நான் மறக்கவில்லை. என் மேல் உள்ள வெறுப்பில் லாரியைத் திருப்பி அனுப்பிவிடாதே. இந்தக் கடிதத்தில் இதற்கு முன் எழுதிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து உன் மாமனுக்கும், அப்புச்சி வீட்டுக்கும், அன்றைக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டேன். உன்னைக் காட்டியது நாலு பேர் முன்னால், உனக்கு மட்டும் ரகசியமாக மறுப்பது நியாயமில்லை. உன் மாமன் படித்துவிட்டுப் போன் செய்தார். "கிரகப்பிரவேசம் என்னிக்குன்னு அவனையே எனக்குச் சொல்லச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் உன் அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள். நீ வரமாட்டாய் என்று நம்பிவிட்ட பிறகு கேட்டது. "அவன் குதிச்சதுல இல்லீன்னு அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாத்தான் அவன் நம்புவான்." நான் "ஆகட்டும்" என்றேன். இப்போது சொல்லிவிட்டேன்.

பட்டியலின் கடைசி வரி பாக்கி இருக்கிறது. "அப்பா ரூம், வழுக்காத டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கட்டிலுக்கு மேலே மட்டும் கம்பி இன்னும் ஒரு சுற்று." உன் வாழ்க்கையைக் கெடுத்தவன் தலைமேல் எதுவும் விழுந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, அந்த அழுகைக்கும் எனக்கு யோக்கியதை இல்லை. அந்த அறையை அடித்துவிடு. நான் கட்டிய கூரைக்கு அடியிலேயே நான் இருந்துகொள்கிறேன். அந்த இடத்தில் மாடிப்படி வை. வெள்ளிக்கிழமைக்கு முன் உன் ஆட்களிடம் சொல்லி, தளத்தில் அந்த அளவுக்கு இடம் விடச் சொல். காசு கிடைக்கும்போது மேலே ஒரு அறை கட்டு. பாப்பாவுக்கு ஒரு கயிறு வாங்கிக் கொடுத்து மேலே அனுப்பு. நீ கீழே, நேர் அடியில் உட்கார்ந்துகொள். அவள் இருநூறு குதித்து முடிக்கும்வரை எழுந்திருக்காதே. சத்தமாக எண்ணு, அவளுக்குக் கேட்கட்டும்.

அப்பா